கவிழ்த்துப் பார்க்காத கம்ப்ரஸர்

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இடுப்பு வலி குறைந்ததா?

வேலையில் சேர்ந்து பதினாறு நாள் ஆகிறது. பெரிய கொட்டகை. கார்களிலிருந்து கழற்றிய பழைய ஏசி கம்ப்ரஸர்கள் ஒரு வாசலில் வண்டி வண்டியாக வந்து இறங்கும். பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, இன்னொரு வாசல் வழியாகப் புதுசு போல அனுப்புவார்கள். என்னை எண்ணெய் மேசையில் போட்டிருக்கிறார்கள். அளந்து ஊற்றி உடனே மூடிவிட வேண்டும். இந்த எண்ணெய் காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் குடித்துவிடுமாம். ஈரம் குடித்த எண்ணெயை ஊற்றுவதற்குப் பதில் சும்மா இருக்கலாம் என்கிறார் மேஸ்திரி. கார் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கும் அத்தானுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். இருந்தாலும் நானும் நாலு விஷயம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா?

ஒரே தொல்லை, எண்ணெய் பட்டுப் பட்டு இரண்டு கையும் அரிக்கிறது. விரலிடுக்கில் தோல் உரிகிறது. கடிதத்தின் ஓரத்தில் கறை இருந்தால் திட்டாதே. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போவதில்லை. இங்கே போன் மேஸ்திரியின் அறையில் இருக்கிறது. வீட்டில் யாராவது செத்தால்தான் அதைத் தொட விடுவார். ஆகவே கடிதமே போதும், யாரும் சாக வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் தம்பி


மார்ச் 7

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லோரும் நலம். என் இடுப்பும் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டுக்கும் என்னை விட்டுப் போக மனசில்லை. நீ கைக்கு உறை போட்டுக்கொண்டு வேலை செய்.

உன் கடிதத்தை அத்தான் கடையில் வைத்துச் சத்தமாகப் படித்தார். எந்த வேலையிலும் மூன்று மாதம் தங்காதவன் என்று உன்னைச் சொன்னவர்கள் எல்லோரும் கேட்டார்கள். என் தம்பி எண்ணெய் மேசையில் இருக்கிறான் என்று நானும் கிணற்றடி முதல் தையல்கடை வரை சொல்லியாயிற்று. அதனால் தயவுசெய்து அந்த மேசையை விட்டுவிடாதே.

விசிலுக்குத்தான் வாய் நிற்கவில்லை. வாடகைக் கார் ஓட்டுகிறவரை உனக்கு ஞாபகம் இருக்கும், சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விசிலடித்துக்கொண்டே ஓட்டுவாரே. "உன் மச்சான் ஊத்தின எண்ணெய்னா வண்டி பெட்ரோல் இல்லாமலே ஓடுமேய்யா" என்று அத்தானைக் கிண்டல் செய்தார். அவருடைய காரில் ஏசி கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது. உங்கள் கொட்டகையிலிருந்து இரண்டு அனுப்பச் சொல்கிறார் அத்தான். ஒன்று விசிலுக்கு, இன்னொன்று அலமாரியில் இருக்கட்டும்.

அத்தானின் சங்கதிதான் தெரியுமே. எந்த மகாராஜா முத்திரை போட்டு அனுப்பிய கம்ப்ரஸராக இருந்தாலும் கண்ணாடி ஜாடியில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை காத்திருந்து, அளந்து பார்த்து, திரும்ப ஊற்றினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னையும் இப்படித்தான் பார்த்தார்.

மாமனார் போய் ஒரு வருஷம் ஆகிறது. கடைசி நாட்களில், பெற்ற மகனையே "நீங்க யாரு, வண்டி ரிப்பேருக்கு வந்தீங்களா?" என்று கேட்டாரே, அதை அத்தான் இன்னும் மறக்கவில்லை. அவருடைய மர நாற்காலி கடையில் அப்படியே இருக்கிறது. அத்தான் அதில் உட்காருவதே இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 2

பிரியமுள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? என் கையைப் பற்றி இனிமேல் கவலைப்படாதே, சுத்தமாக ஆறிவிட்டது. பார்த்தால் பள்ளிக்கூடத்து வாத்தியார் கை மாதிரி இருக்கிறது.

இரண்டு கம்ப்ரஸர்களும் லாரியில் வருகின்றன. குவியலில் நல்லதாகப் பார்த்து நானே பொறுக்கி எடுத்தேன். இரண்டின் கழுத்திலும் நூலில் சீட்டுக் கட்டியிருக்கிறேன்: "எண்ணெய் நிரப்பப்பட்டது, 150 மில்லி." என் கையெழுத்துத்தான். என் கையால் ஊற்றியதுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊற்றிக்கொண்டே இருக்கிறேன், இப்போது எனக்குக் கீழே இரண்டு பேர் வேறு.

அத்தானிடம் சொல், இதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டாம். திறந்தால் வீணாக ஈரம் சேரும். சொந்த மச்சான் அனுப்பியதையுமா அளப்பார்?

உன் தம்பி


மே 5

தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே யாரும் நலமாக இல்லை.

விசிலின் கார் சுவரில் மோதிவிட்டது. அவருடைய இடது முழங்கால் உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது. கூட யாரும் இல்லாதது ஒன்றுதான் நாம் செய்த புண்ணியம்.

நீ அனுப்பியதை அத்தான் மாட்டி ஆறாவது நாள். பாலத்து இறக்கத்தில் வரும்போது கம்ப்ரஸர் ஜாம் ஆகி பெல்ட் அறுந்திருக்கிறது. அந்தக் காரில் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப உதவும் பம்ப்புக்கும் அதே பெல்ட்தான். இறக்கத்தின் வளைவில் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிட்டதாம். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்திருக்கிறார், திரும்பவில்லை.

அத்தான் அந்தக் கம்ப்ரஸரைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே இரும்புத் தூள்தான் இருந்தது. சொட்டு எண்ணெய் இல்லை. எங்கேயாவது கசிந்திருக்கும் என்று ஏசி குழாய் லைன் முழுக்கச் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. கேஸ் குறையவில்லை, எண்ணெய் மட்டும் இல்லை. "எண்ணெய் எங்க போச்சு, எண்ணெய் எங்க போச்சு" என்று தட்டில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? உனக்கு ஏதாவது தோன்றினால் உடனே எழுது.

அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமாகிவிட்டது, இங்கே வேலை அதிகம். விசில் அண்ணனை நினைத்தால் மனசு சரியில்லை. எப்படி இருக்கிறார்?

இந்த மாதிரி சில நேரம் நடப்பதுண்டு என்று இங்கே சொல்கிறார்கள். முன்பக்க விசிறி சரியாகச் சுற்றாவிட்டாலும் சூடேறி ஜாம் ஆகுமாம். வால்வு அடைத்துக்கொண்டாலும் எண்ணெய் திரும்பி வராதாம். லைனில் பழைய குப்பை ஏதாவது இருந்ததா? அத்தானிடம் கேட்டுப் பார். அவர் மேல் குற்றம் இருப்பதாக நான் சொல்லவே இல்லை.

இங்கே வெயில் கடுமை. உன் இடுப்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 10

அன்பு மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. நீ சுகம் என்று உன் அக்கா சொன்னாள், சந்தோஷம்.

விசிறி நன்றாகச் சுற்றுகிறது. வால்வைப் பிரித்துப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. பழைய கம்ப்ரஸரின் தூள் இருக்கக்கூடாது என்று லைனை நானே இரண்டு தரம் கழுவினேன். அப்படிக் கழுவாமல் விட்டிருந்தால் அதில் ஒட்டியிருந்த பழைய எண்ணெயாவது கொஞ்ச நாள் காப்பாற்றியிருக்கும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். நீ ஊற்றித்தான் அனுப்பியிருக்கிறாய். சீட்டு இருக்கிறது. மச்சான் சொல்லிவிட்டானே என்று நான் கவிழ்க்கவில்லை என்றுதான் என் நினைப்பு. ஆனால் இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம். கை தன்பாட்டுக்குக் கவிழ்த்திருக்கும். அளக்க வைத்த எண்ணெயைத் திரும்ப ஊற்ற நான் மறந்திருக்கிறேன். வேறு வழியே இல்லை. அந்தக் காலை நேரத்தை எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன், ஜாடியை எடுத்தேனா இல்லையா என்று ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சாவியை மறந்தார்.

நீ ஊற்றினாய் என்று ஒரு வரி எழுது. அது போதும், எனக்கு ஒரு முடிவு தெரிந்துவிடும்.

அத்தான்


ஜூலை 14

தம்பிக்கு,

நலமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து தகவல் இல்லை. அத்தான் தினமும் தபால்காரரைக் கேட்கிறார். கேட்டுவிட்டு, "இன்னிக்கு அவரை ஏற்கெனவே கேட்டுட்டேனா?" என்று என்னையும் கேட்கிறார்.

கடைச் சுவர் முழுக்கச் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். பெல்ட் மாட்டியாச்சு. மூடி போட்டாச்சு. கதவு பூட்டியாச்சு. பூட்டிய கதவை அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிப் போய் இழுத்துப் பார்க்கிறார். போன வாரம் என்னைக் கூப்பிட வாய் திறந்தவர் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். என் பேர் மறந்துபோச்சோ என்று பயந்துவிட்டாராம். மறக்கவில்லை. ஆனால் பயந்தவர் உடம்பு வேர்த்து உட்கார்ந்துவிட்டார்.

விசிலின் மனைவி கடைக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். திட்டினாலாவது தேவலாம். அவள் போனதும் அத்தான், "நான்தான் அவனை முடக்கிட்டேன்" என்கிறார்.

புது வேலை எதையும் தொடுவதில்லை. செப்டம்பர் முதல் தேதி கடையை இன்னொருவரிடம் ஒப்படைப்பதாகப் பேசிவிட்டார். "புத்தி போறதுக்குள்ள நானா போயிடறேன்" என்கிறார். தம்பி, நாற்பத்தெட்டு வயதுதான் ஆகிறது. ஏதாவது எழுது.

அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானைப் பற்றி எழுதியிருந்தாய். நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு. இந்தக் காலத்தில் ஞாபக மறதிக்கு மருந்து இருக்கிறதாம். கடையைக் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல். எனக்கு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 6

தம்பி,

நேற்று மத்தியானம் உன் கடிதங்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். படிக்கவில்லை, பார்த்தேன்.

முதல் கடிதத்தில் மூன்று இடத்தில் எண்ணெய்க் கறை. உன் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. ஏப்ரலில் வந்த கடிதம் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. மே மாதத்தது வெள்ளை. ஜூலை மாதத்தது வெள்ளை. பதினாறு நாள் எண்ணெய் பட்டதற்கே தோல் உரிந்தவன் நீ. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊற்றிக்கொண்டே இருக்கிறேன் என்று நீ எழுதிய அதே கடிதத்தில், கை வாத்தியார் கை மாதிரி ஆறிவிட்டது என்றும் எழுதியிருக்கிறாய். எப்படி ஆறியது?

அத்தானின் ஒரு வரிக் கேள்விக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. ஊற்றினேன் என்றும் எழுதவில்லை, ஊற்றவில்லை என்றும் எழுதவில்லை. டாக்டரிடம் காட்டச் சொல்கிறாய்.

சின்ன வயதிலிருந்து நீ சொன்ன பொய்களை எல்லாம் நான்தான் மூடி மறைத்தேன். இதை என்னால் மூட முடியாது. எனக்கு எழுத வேண்டாம். அவருக்கு எழுது.

அக்கா


ஆகஸ்ட் 13

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் நலத்தைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள் அத்தான். உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் எதையும் மறக்கவில்லை. மறக்க அதில் எண்ணெயே இல்லை.

கை புண்ணானதால் மூன்றாவது வாரமே என்னை எண்ணெய் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெட்டி கட்டும் இடத்தில் உட்கார வைத்தார்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சீட்டும் விலாசமும் எழுதச் சொன்னார்கள். எனக்குக் கீழே யாரும் இல்லை. இந்த வேலையிலும் நிற்கவில்லை என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் பொய் எழுதினேன். அக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள் என்று தெரிந்த பிறகு உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

சீட்டுகளை நான் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே மொத்தமாக எழுதி வைத்துவிடுவேன். மார்ச் கடைசியில் எண்ணெய் பீப்பாய் வரவில்லை. நாற்பது கம்ப்ரஸர்கள் எண்ணெய் மேசைக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தன. லாரி நிற்கிறது, கட்டி அனுப்பு என்றார் மேஸ்திரி. வழக்கமாக மூடியைத் தொட்டால் விரல் ஈரமாகும். அன்று ஈரமாகவில்லை. அத்தான், எனக்கு அது தெரிந்தது. யாரோ துடைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாற்பதில் இரண்டைத்தான் துணி சுற்றி உங்களுக்கு அனுப்பினேன். கவிழ்க்க வேண்டாம் என்று எழுதியதும் நான்தான். நான் ஊற்றியதாகப் பெருமை அடிப்பதற்காக எழுதினேன்.

மே மாதமே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. பயந்தேன்.

அலமாரியில் இருக்கும் இரண்டாவதைக் கவிழ்த்துப் பாருங்கள்.

தம்பி


ஆகஸ்ட் 24

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் போல்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை அத்தான் கடையில் நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "உன் தம்பிக்குத் தங்கமான மனசு. என்னைத் தேத்தறதுக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கறான்." எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உன்னை அவ்வளவு நம்பியிருக்கிறார். நீ பொய் சொன்னதாக நீயே எழுதினாலும் நம்ப முடியவில்லை அவருக்கு.

நான்தான் அலமாரியிலிருந்து இரண்டாவதை இறக்கினேன். இடுப்பு என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும். உன் சீட்டு கழுத்தில் அப்படியே இருந்தது. ஜாடியைக் கழுவித் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். "கவிழ்த்துப் பாருங்க" என்றேன். தொடவே பயந்தார். "எதுக்கு, அதான் எழுதியிருக்கே" என்றார். பிறகு மூடியைக் கழற்றிக் கவிழ்த்தார்.

காத்திருந்தோம். கம்ப்ரஸரின் சுழல்தண்டைப் பிடித்துச் சுற்றினார், திரும்பவும் கவிழ்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரே ஒரு சொட்டு விழுந்தது. அதுகூடக் கோக்கும்போது ரப்பர் வளையத்தில் தடவிய எண்ணெய்தான். ஜாடியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். அப்புறம் போய், மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "நான் மறக்கலடி" என்றார். அதையே நாலைந்து தரம் சொன்னார். சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும்தான்.

கடையைக் கொடுக்கவில்லை. சுவரைத் துடைத்துவிட்டேன்.

ஆனால் சந்தோஷப்படாதே. சாயங்காலம் ஜாடியையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு விசில் வீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் சொன்னார். விசில் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்கு. என் முட்டியப் பத்தி இதுல எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டிருக்கிறார். கட்டுப் பிரித்தாகிவிட்டது, ஆனால் கால் முழுசாக மடங்கவில்லை. கிளட்சை மிதிக்க முடியாது.

அத்தான் உன்னோடு இப்போதைக்குப் பேசுவதாக இல்லை. வீட்டுக்கு வந்தபின் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நாற்பதுன்னு எழுதியிருக்கான். நமக்கு ரெண்டு. மீதி முப்பத்தெட்டு எங்க இருக்கு?"

அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு,

உடம்புக்குக் குறைவில்லை. உங்கள் எல்லோருடைய சுகத்தையும் விரும்புகிறேன்.

அத்தானின் கேள்வியைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் கேட்டேன். வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்றார். விலாசம் எழுதிய நோட்டு என் மேசையில்தான் இருந்தது. முப்பத்தெட்டு விலாசங்களையும் பார்த்து எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டேன்: "சீட்டில் எண்ணெய் நிரப்பப்பட்டது என்று நான் எழுதியது பொய். உள்ளே எண்ணெய் இல்லை. மாட்டியிருந்தால் வண்டியை உடனே நிறுத்துங்கள். மாட்டாவிட்டால் கவிழ்த்துப் பாருங்கள்." கீழே என் பேரையும், கொட்டகையின் பேரையும், நான் தங்கியிருக்கும் அறையின் விலாசத்தையும் எழுதினேன். நான்காவது நாள் விஷயம் தெரிந்து வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

பதினான்கு பேரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. பதினொரு பேர் மாட்டாமல் வைத்திருந்தார்கள், அல்லது தாங்களே அளந்து பார்த்து ஊற்றிக்கொண்டார்கள். அத்தான் மாதிரி ஆட்கள். மூன்று ஜாம் ஆகியிருக்கின்றன. யாருக்கும் அடிபடவில்லை. ஒருவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டி எழுதியிருக்கிறார். படித்துவிட்டு நன்றி என்று பதில் போட்டேன்.

மீதி இருபத்து நான்கு பேரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இந்த விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறேன், அதனால் அறையை விட்டு இப்போது வர முடியாது. எதிரே உள்ள கடையில் மூட்டை தூக்குகிறேன். பதில் வராத ஊர்களுக்கு இரண்டாம் தரம் எழுதியிருக்கிறேன். இது முடிந்ததும் நேராக விசில் அண்ணன் வீட்டுக்குத்தான் வருவேன், நம் வீட்டுக்கு அப்புறம். அவருக்கு இனி ஓட்ட முடியாதென்றால் அந்தக் காரைப் பழுது பார்த்து நான் ஓட்டுகிறேன், சவாரி அவருடையது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே வரட்டும். சம்மதிப்பாரா என்று தெரியாது.

பதில் வந்த பதினான்கு கடிதங்களையும் இதோடு வைத்திருக்கிறேன். நான் எழுதியதை அத்தான் அப்படியே நம்ப வேண்டாம். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு இதைப் படிக்கச் சொல்.

தம்பி